போன சாலையிலேயே போங்கள்

பறவை பார்க்க எந்த இடம் நல்ல இடம் என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. போன வாரம் எங்கே போனீர்களோ, இந்த வாரமும் அங்கேயே போங்கள். கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். வேடந்தாங்கல், பழவேற்காடு, கோடியக்கரை என்று பெரிய பெயர்களை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். அங்கெல்லாம் ஒருநாள் போகத்தான் வேண்டும். ஆனால் கண் பழகுவதற்குப் பழகிய இடம் ஒன்று வேண்டும். எனக்கு அது, வேலூரிலிருந்து ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்திக்குப் போகும் சாலை. வாத்தியார் வேலையில் இருந்த காலத்திலும் ஓய்வுபெற்ற பிறகும் குளிர்கால ஞாயிறுகளில் அதே சாலையில்தான் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

பாகாயத்தைத் தாண்டி ஆரணி சாலையில் கணியம்பாடி. அங்கே பிரிந்து நஞ்சுகொண்டாபுரம் வழியாகப் போனால் அமிர்தி. எல்லாம் சேர்ந்து ஒரு 25 கிலோமீட்டர். முதலில் ஏரியும் நெல்வயலும், பிறகு மானாவாரிக் காடும் முள்வேலியும், கடைசியில் காப்புக்காடும் நாகநதி ஓடையும் என்று ஒரே காலையில் மூன்று விதமான நிலம் கடந்துபோகும். அமிர்திக்கு அப்பால் சாலை மலையேறி நம்மியம்பட்டு, ஜமுனாமரத்தூர் என்று போகிறது. இளங்கால்கள் அங்கேயும் ஏறலாம். எனக்கு அடிவாரம் போதும்.

வேலூர் வெயிலைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி அடைமழை ஓய்ந்ததிலிருந்து மாசி வரைதான் இங்கே காலையில் நிம்மதியாகச் சைக்கிள் மிதிக்க முடியும். புரட்டாசியிலேயே வரத் தொடங்கிவிடும் வலசைப் பறவைகளும் அந்த மாதங்களில் வந்த இடத்தில் நிலைகொண்டிருக்கும். மார்கழியில் இருட்டோடு கிளம்பினால் ஆறரை மணிக்குச் சூரியன் எழும்போது கணியம்பாடி ஏரிக்கரையில் இருக்கலாம். பனி விலகுவதற்கு முன்பே நாமக்கோழிகள் கத்த ஆரம்பித்துவிடும்.

மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் காது. பறவை பார்ப்பதில் பாதிக்கு மேல் காதின் வேலை, எஞ்சின் சத்தம் அதை அடைத்துவிடும். நடந்து போனாலோ ஏரியும் காடும் ஒரே காலையில் கிட்டாது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் போகும்போது வேலிக்குள் கத்தும் சின்னக் குருவி காதில் விழும். நிற்க நினைத்தால் ஒரு காலை ஊன்றினால் ஆயிற்று. பறவையியல் அறிஞர் சாலிம் அலி மோட்டார் சைக்கிள் பிரியர். 1950-ல் சுவீடனில் நடந்த பன்னாட்டுப் பறவையியல் மாநாட்டுக்குத் தன் சன்பீம் வண்டியையும் கொண்டுபோய் ஐரோப்பியச் சாலைகளில் ஓட்டியவர். அவரை வணங்குகிறேன். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் சைக்கிள்தான் மேல் என்பது என் கட்சி.

சைக்கிளிலும் சில பழக்கங்கள் வேண்டும். பெடலை நிறுத்தி வண்டியை உருளவிட்டால் பின்சக்கரத்து ஃப்ரீவீல் டிக்டிக்கென்று சத்தம் போடும். கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவை அதற்கே எழுந்துவிடும். அதனால் மெதுவாக மிதித்துக்கொண்டே போங்கள். பறவையைக் கண்டதும் எதிரில் நிற்காமல் அதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளிப்போய், கால் ஊன்றி, தலையை மட்டும் திருப்பிப் பாருங்கள். தன்னை நோக்கி வந்து நிற்பவனைப் பறவை நம்பாது. தன் வழியில் தாண்டிப் போகிறவனைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். செயினுக்கு எண்ணெய் விட்டிருக்க வேண்டும். கேரியரில் எதுவும் லொடலொடக்கக் கூடாது. பைனாகுலர் கழுத்தில் தொங்க வேண்டும், பைக்குள் இருந்தால் எடுப்பதற்குள் குருவி போய்விடும். எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று கேட்டு வாங்குங்கள். பெயர் தெரிந்துகொள்ள, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா 2013-ல் வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ ஒன்று பையில் இருந்தால் தொடக்கத்துக்கு அதுவே தாராளம்.

முதல் குளிர்காலம் புத்தகத்தைப் புரட்டுவதிலேயே போய்விடும். அதில் தப்பில்லை. இரண்டு மூன்று குளிர்காலம் கழிந்த பிறகுதான், இந்த வளைவில் இந்தக் குருவி, இந்த மதகில் இந்தப் பறவை என்று சாலை பிடிபடத் தொடங்கும். பச்சைக் கதிர்க்குருவியைச் சொல்கிறேன். ஒரு பவுன் எடைதான் இருக்கும். இமயமலையிலும் அதற்கு வடக்கே ரஷ்யா வரையிலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தென்னிந்தியா வருகிறது. நிறம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் புகைப்படக்காரர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை. புளியிலும் புங்கனிலும் இலைக்கு இலை தாவிப் பூச்சி பொறுக்கிக்கொண்டு, நடுநடுவே ‘ட்ச்சிலி’ என்று கத்தும்.

டிரெவர் பிரைஸ் என்ற ஆய்வாளர், ஆந்திரப் பகுதிக் கிழக்குத் தொடர்ச்சி மலையில் இந்தக் குருவியைக் குளிர்காலத்தில் கவனித்து 1981-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒவ்வொரு குருவியும் சில மரங்களைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, மற்றதை உள்ளே விடாமல் காவல் காக்கிறது என்பது அதில் தெரியவந்தது. கூடு இல்லை, குஞ்சு இல்லை. இரைக்காகத்தான் இந்தக் காவல். அந்தச் சின்ன சத்தம் ‘இது என் மரம்’ என்று ஊருக்கு அறிவிப்பது. நம் ஜவ்வாதும் அதே மலைத்தொடரின் ஒரு துண்டுதான். இதைப் படித்த பிறகு, சாலையோரப் புங்கமரத்தைக் கடக்கும்போதெல்லாம் அதில் குடியிருப்பவர் இருக்கிறாரா என்று காது தானாகத் தேடுகிறது. ஒரு வாரம் சத்தம் கேட்காவிட்டால் மனசு சங்கடப்படுகிறது. எட்டு கிராம் உயிருக்காகச் சங்கடப்படும் அளவுக்கு ஒரு மனிதனைப் பழக்கியது திரும்பத் திரும்பப் போன அந்தச் சாலைதான்.

அமிர்தி ஓடையில் ஒரு சாம்பல் வாலாட்டி உண்டு. அடிப்பக்கம் மஞ்சள். நீர் வழியும் பாறையில் நின்று, வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே பூச்சி பிடிக்கும். காலில் வளையம் மாட்டி ஆராய்ந்தவர்கள், வாலாட்டிகள் போன குளிர்காலம் கழித்த இடத்துக்கே மறுபடி வருவதைக் கண்டிருக்கிறார்கள். இமயத்தையும் கங்கைச் சமவெளியையும் தக்காணத்தையும் கடந்து ஒரு பறவை பழைய ஓடைக்கே வந்து சேரும்போது, 25 கிலோமீட்டர் மிதித்து அதே ஓடைக்குப் போக நமக்கு என்ன சலிப்பு? ஆனால் நான் பார்க்கும் வாலாட்டிக்கு வளையம் இல்லை. அதனால் போன வருஷத்துப் பறவையே வந்துவிட்டது என்று என் நோட்டில் எழுத மாட்டேன். ‘அதே பாறை, ஒரு வாலாட்டி’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பார்த்ததற்கு மேல் ஒரு சொல் எழுதக் கூடாது.

இந்த ஒழுக்கத்துக்கு இதே மலையில் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. ஜவ்வாதின் மேற்குப் பக்கம் காவலூரில் வைணு பாப்பு இடம் தேர்ந்து அமைத்த வானாய்வகத்தில் 1968 முதல் விண்மீன்களைப் பார்த்துவருகிறார்கள். 1977 மார்ச் மாதம் ஓர் இரவில், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிக் கடப்பதை அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியில் கவனித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதைப் பதிவுசெய்து, யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவின் பதிவுகளையும் மற்ற இடங்களின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒளியை மறைத்தது துணைக்கோள் இல்லை, அதுவரை யாரும் அறியாத யுரேனஸ் வளையம் என்று தெளிவாயிற்று. முதலில் சொன்ன விளக்கம் போய்விட்டது. நேரத்தோடு எழுதிவைத்த அந்த மங்கல் மட்டும் அப்படியே நின்றது, வளையங்களின் கதையில் காவலூரின் பெயரும் நின்றது. கருவியில் ஏதோ கோளாறு என்று அன்றைக்கு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை.

ஆகவே பிள்ளைகளே, ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை பறவை, என்ன செய்துகொண்டிருந்தது என்பது போதும். தெரியாததற்குக் கேள்விக்குறி போடுங்கள். கதிர்க்குருவிகளில் பல, இலைமறைவிலிருந்து ‘டக், டக்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். அதற்கு ஒரு பெயரை வலிந்து ஒட்டாதீர்கள். கேள்விக்குறி நிறைந்த நோட்டைத்தான் நான் நம்புவேன். எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியிருக்கும் நோட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். இது பறவைக்கு மட்டும் சொல்வதல்ல என்பது உங்களுக்கே புரியும்.

எழுதிவைத்த எண்ணையும் அவசரப்பட்டு அர்த்தப்படுத்தக் கூடாது. 2021 நவம்பர் மழையில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வேலூர்ச் சுற்றுவட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்தன. அந்தக் குளிர்காலம் ஏரியில் பறவைகள் கொட்டிக் கிடக்கும் என்று நம்பி வந்தவர்களுக்கு ஏமாற்றம். நிரம்பிய ஏரியில் உள்ளான்கள் கால் ஊன்றச் சேறு இல்லை. ஊரெல்லாம் தண்ணீர் என்பதால் மற்ற பறவைகளும் குட்டைக்குக் குட்டை சிதறிவிட்டன. பறவை அழிந்துவிட்டது என்று யாராவது அப்போது கட்டுரை எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். பல குளிர்காலத்து எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் உண்மை தலைகாட்டும்.

சில சமயம் அந்த உண்மை கசக்கும். கணியம்பாடி சாலையின் மின்கம்பிகளில் பனங்காடை உட்கார்ந்திருப்பது ஒரு காலத்தில் செய்தியே இல்லை. சிறகு விரித்துக் கீழே பாயும்போது அந்த நீலம் கண்ணைப் பறிக்கும். இப்போது அதைப் பார்த்தால் வண்டியை நிறுத்துகிறேன். என் சாலைக்கு மட்டும் வந்த குறைவோ என்று முன்பு நினைத்திருந்தேன். 2023-ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, நாடு முழுக்கவே பனங்காடை கணிசமாகக் குறைந்துவிட்டது என்று சொல்லி, அதை உடனடிக் கவனம் தேவைப்படும் பறவைகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த அறிக்கை 942 இனங்களை அலசியிருக்கிறது. அதன் அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த சுமார் மூன்று கோடிப் பதிவுகள். பெரும்பாலும் உங்களையும் என்னையும் போலத் தங்கள் ஊர் ஏரிக்கும் தோப்புக்கும் திரும்பத் திரும்பப் போனவர்கள் அவர்கள். மயில் பெருகியிருப்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. நிலக்கடலை போட்டவர்களைக் கேட்டால் அறிக்கையே தேவையில்லாமல் அதைச் சொல்லிவிடுவார்கள்.

சாலையில் எதிர்ப்படும் மனிதர்களிடம் வண்டியை நிறுத்திப் பேசுங்கள். நஞ்சுகொண்டாபுரம் தாண்டி ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒருநாள் தவிட்டுக்குருவிக் கூட்டம் புதரைச் சுற்றி நின்று காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. நான் அருகில் போகப் பார்த்தேன். “சார், அதுங்க சும்மா கத்தல. கீழ என்னமோ இருக்குது, கிட்ட போவாதீங்க” என்றார். கொஞ்ச நேரத்தில் புதரிலிருந்து ஒரு பெரிய சாரைப்பாம்பு வெளிப்பட்டு ஓடைப்பக்கம் போனது. குருவிகள் பின்னாலேயே கொஞ்ச தூரம் விரட்டிக்கொண்டு போய்விட்டு, பிறகு எதுவும் நடக்காததுபோலச் சருகு கிளறத் திரும்பின. சண்டைக் கத்தல், எச்சரிக்கைக் கத்தல், கூட்டத்தைக் கூப்பிடும் கத்தல் என்று அந்த அம்மாவின் காது தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பைனாகுலர் கழுத்தில் தொங்குவதால் நாம் அவருக்குப் பாடம் எடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

இனி ஆறுமணிக்குருவி. இதைப் பார்ப்பதற்கென்றே பலர் அமிர்திக்கு வருகிறார்கள். முதுகு பச்சை, தோளில் பளீர் நீலம், கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, அடிவயிறு குங்குமச் சிவப்பு. இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். மற்ற நேரம் தரையில், சருகோடு சருகாக இருக்கும். அமிர்தி சாலையில் ஒரு சிறுபாலத்துக் கைப்பிடிச் சுவரில் அசையாமல் உட்கார்ந்து அதை ஒருமுறை வெகு அருகில் பார்த்தேன். அலகால் ஒரு சருகைப் பிடிக்கும், சட்டென்று பக்கத்தில் வீசும். தலையைச் சாய்த்து அந்த இடத்தையே பார்க்கும். ஒன்றும் இல்லையென்றால் இரண்டு தத்தல், அடுத்த சருகு. குட்டை வால் மட்டும் மெல்ல ஏறி இறங்கும். சருகு ஒவ்வொன்றையும் அதே கவனத்தோடு புரட்டியது. நெடுநேரம் கழித்து ஒரு மண்புழு கிடைத்தது. அதை விழுங்கிவிட்டு அலகைக் கல்லில் துடைத்துக்கொண்டு மறுபடியும் சருகுக்கே போயிற்று.

கைபேசியில் இந்தப் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுத்துப் படம் எடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தன் இடத்துக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதை விட்டுவிட்டு அது பதறி வருகிறது. இங்கே தின்று சேர்க்கும் கொழுப்புதான் அது திரும்பிப் பறப்பதற்கான எரிபொருள். உங்கள் படத்துக்காக அதை எரியவிடுவது அநியாயம். வலசை வந்து இறங்கும் நாட்களில் இந்தப் பறவை களைத்துப்போய் வீட்டு முற்றத்திலோ கிணற்றடியிலோ கிடப்பதும் உண்டு. கண்டால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டும் அமைதியுமான இடத்தில் சில மணிநேரம் வையுங்கள். தெளிந்ததும் மரம் அடர்ந்த இடத்தில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காப்புக்காட்டுக்குள் அவர்கள் அனுமதி இல்லாமல் நுழையவும் வேண்டாம். இந்த மலையில் கரடி உண்டு. சாலையிலிருந்து பார்க்கக் கிடைப்பதே ஒரு ஆயுளுக்குப் போதும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை நினைத்து உறக்கம் கெட்ட பிள்ளைகள் சிலர் என்னோடு இந்தச் சாலையில் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் புத்திமதி சொல்வதில்லை. அமிர்தி மூங்கில் பக்கம் வேதிவால் குருவி வந்தால் காட்டுவேன். வெள்ளை ரிப்பன்போல நீண்ட வால் கொண்ட ஆணைத்தான் எல்லோரும் படத்தில் பார்த்திருப்பார்கள். அந்த வால் முழுசாக வளர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை இளம் ஆண் பெண்ணைப் போலவே செம்பழுப்பாக, குட்டை வாலோடு, யாரும் படம் எடுக்காத குருவியாக ஈ பிடித்துக்கொண்டு திரியும். இதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

வேறு விதமான இளமையும் உண்டு. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாட்கள் பறந்து, 13,560 கிலோமீட்டர் தாண்டி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. உடலில் பொருத்திய கருவி வழியாக இது தெரிந்தது. பறவையின் வயது ஏறக்குறைய ஐந்து மாதம். அதற்கு முன் அந்தக் கடலை அது கடந்ததே இல்லை. ஐந்து மாதத்தில் கடல் கடப்பதும் மூன்று ஆண்டு வாலுக்குக் காத்திருப்பதும் அதனதன் இயல்பு. ஒன்றைக் காட்டி மற்றதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பெற்றோர்களும் அப்படிச் சொல்லாமல் இருந்தால் நல்லது.

2015 முதல் ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஏதாவது ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எல்லாம் எண்ணி இ-பேர்டு தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். வீட்டு மொட்டைமாடியில் காக்கையை எண்ணினாலும் கணக்கில் சேரும். வரும் பொங்கலுக்கு உங்கள் ஊர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பொங்கலுக்கும் அதே ஏரிக்கே போங்கள். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கணியம்பாடி ஏரிக்கரைக்கு வரலாம். காலை ஆறரைக்கு நான் அங்கே இருப்பேன். சைக்கிள் இல்லாதவர்கள் பஸ்ஸில் வந்து சேருங்கள், நோட்டும் பேனாவும் மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.